சதுர அடி ரேட்டுக்கு பேரம் பேசுறது இருக்கட்டும், கொட்டேஷன்ல எட்ஜ் பேண்ட் வரியைப் படிச்சீங்களா?



புது வீட்டு இன்டீரியருக்கு எவ்வளவு பட்ஜெட் ஒதுக்கலாம்னு சேனல்ல ஒரு வீடியோ போட்டிருந்தோம். அதுக்கப்புறம் நிறைய பேர் உங்க மாடுலர் கிச்சன் கொட்டேஷனை அனுப்பி, "சார், இந்த மூணுல எது பெஸ்ட்?"னு கேட்டிருந்தீங்க. எல்லாத்தையும் உட்கார்ந்து படிச்சேன். எல்லாருமே ஒரே இடத்துல வட்டம் போட்டிருக்கீங்க: சதுர அடி ரேட். ஒருத்தர் 1,350, இன்னொருத்தர் 1,480, மூணாவது ஆள் 1,600. "1,350 காரர்கிட்ட இன்னும் 50 ரூபாய் குறைக்கச் சொல்லலாமா சார்?"

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். அந்த 50 ரூபாயை நீங்க குறைச்சா, அவர் அதை எங்கிருந்து எடுப்பார்னு எனக்குத் தெரியும். பலகையோட ஓரத்துல இருந்து எடுப்பார். உங்க கண்ணுக்குத் தெரியாத ஓரத்துல இருந்து. இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கல. சொந்தப் பணத்தைக் கொடுத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.

2021 ஏப்ரல். வேளச்சேரி பக்கம் மூணாவது மாடியில ஒரு ஃபிளாட்டுக்குக் குடி போனோம். வீட்டுக் கடனுக்கு மார்ஜின் கட்டினதுலயே கையில இருந்தது கரைஞ்சு போச்சு. இன்டீரியருக்கு 4 லட்சம் பர்சனல் லோன். 13 சதவீத வட்டி, 5 வருஷம், மாசம் 9,101 ரூபாய் இஎம்ஐ. (ஆமா, பர்சனல் லோன் எடுக்காதீங்கன்னு உங்களுக்குச் சொல்ற அதே ஆள்தான். அந்தப் பாவத்தைத் தனியா ஒரு பதிவுல ஒத்துக்கிறேன்.) கிச்சனுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம், ரெண்டு வார்ட்ரோபும் லாஃப்டும் சேர்த்து 1 லட்சத்து 60 ஆயிரம். மூணு கொட்டேஷன் வாங்கி, எக்செல்ல போட்டு, சதுர அடி ரேட் குறைவா இருந்தவரைப் பிடிச்சேன். பெருமையா மனைவிகிட்ட ஷீட்டைக் காட்டினது இன்னும் ஞாபகம் இருக்கு.

2023 ஜூன்ல, அதாவது 26 மாசத்துல, சிங்க்குக்குக் கீழ இருக்கிற ஷட்டர் சரியா மூடல. கீல் லூஸ்னு நினைச்சு ஸ்க்ரூவை டைட் பண்ணினேன். பத்து நாள்ல பக்கத்து ஷட்டரும் இடிக்க ஆரம்பிச்சது. தெரிஞ்ச கார்பென்டர் அண்ணன் ஒருத்தரைக் கூப்பிட்டேன். அவர் டார்ச் அடிச்சு உள்ள தலையை விட்டுப் பார்த்துட்டு, ஒரு நிமிஷம் எதுவுமே சொல்லல. அப்புறம், "சார், பின்பக்கம் ஓரமே ஒட்டல பாருங்க. பலகை அப்படியே பச்சையா விட்டிருக்காங்க. தண்ணி அங்கருந்துதான் ஏறியிருக்கு"ன்னார்.

கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஊறின பிஸ்கட் மாதிரி இருந்தது. 18 எம்எம் பலகை கீழ்ப் பக்கத்துல 24, 25 எம்எம் அளவுக்கு ஊதியிருந்தது. முன்பக்கம் ஒட்டின பட்டையும் ஓரத்துல நகத்தால இழுத்தா வர்ற நிலைமை.

"இதை மறுபடி ஒட்டிக்கலாமாண்ணே?"ன்னு கேட்டேன்.

"ஊதின பலகை மேல எதை ஒட்டுறது சார்? வெட்டித்தான் எடுக்கணும்."

சிங்க் யூனிட், அதை ஒட்டின ரெண்டு ஷட்டர், பாத்ரூம் சுவர் பக்கம் இருந்த ஒரு வார்ட்ரோபோட அடிப்பலகை. எல்லாம் மாத்த 62,000 ரூபாய். எமர்ஜென்சி ஃபண்டுல இருந்து எடுத்தேன். அன்னைக்கு லோன் அக்கவுண்ட்ல பாக்கி 2 லட்சத்து 57 ஆயிரத்துச் சொச்சம். இன்னும 34 இஎம்ஐ கட்டணும். பலகை அழுகிடுச்சு, கடன் மட்டும் ஸ்ட்ராங்கா நிக்குது.

சரி, இந்த எட்ஜ் பேண்டிங்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடுறேன். இன்னைக்கு நம்ம வீட்டுக்கு வர்ற கிச்சன், வார்ட்ரோப், டிவி யூனிட் எல்லாம் பெரும்பாலும் பெரிய ஷீட்டை வெட்டிச் செய்றது. பிளைவுட், எம்டிஎஃப், எச்டிஎச்எம்ஆர், பார்ட்டிகிள் போர்டு, எதுவா வேணா இருக்கட்டும். மேலயும் கீழயும் மைக்கா ஒட்டியிருக்கும், அந்தப் பக்கம் தண்ணி இறங்காது. ஆனா ஷீட்டை அறுத்த உடனே நாலு பக்கமும் உள்ளிருக்கிற சரக்கு வெளிய தெரியும். அந்த நாலு ஓரத்தையும் ஒரு பட்டை வச்சு, சூடான பசை போட்டு ஒட்டி மூடுறதுதான் எட்ஜ் பேண்டிங். பட்டை பெரும்பாலும் பிவிசி. 18 எம்எம் பலகைக்கு 22 எம்எம் அகலப் பட்டையை ஒட்டி, மிச்சத்தைச் சீவி எடுப்பாங்க. கனம் 0.4, 0.8, 1, 2 எம்எம்னு வரும்.

இது அழகுக்காக ஒட்டுறதுன்னுதான் நான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். நிஜத்துல பலகையோட தோல் இது. பார்ட்டிகிள் போர்டும் எம்டிஎஃப்பும் ஓரத்து வழியா தண்ணியை இழுக்கும், இழுத்தா ஊதும், ஊதினது காய்ஞ்சாலும் பழைய கனத்துக்கு வராது. எச்டிஎச்எம்ஆர் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஐஎஸ் 710 பிளைவுட் இன்னும் நல்லா தாக்குப்பிடிக்கும். ஆனா எதுவா இருந்தாலும் ஓரம் திறந்து கிடந்தா, நீங்க பலகைக்குக் கொடுத்த காசுக்கு முழுப் பலன் கிடைக்காது. இன்னொன்னும் இருக்கு. இந்தப் பலகைகள்ல இருக்கிற பசையில இருந்து ஃபார்மால்டிஹைடு கசியும், அதுவும் மூடாத ஓரத்துல இருந்து அதிகமா. குழந்தைங்க ரூம் வார்ட்ரோபுக்கு இதையும் மனசுல வச்சுக்கோங்க.

இப்போ கணக்குக்கு வருவோம். என் தொழில் அதுதானே.

சதுர அடி ரேட்ங்கிறதை எப்படி அளக்குறாங்க? முன்பக்க அகலம் பெருக்கல் உயரம். 600 எம்எம் அகலம், 700 எம்எம் உயரத்துல ஒரு கேபினட் எடுத்துக்கோங்க. ஏறக்குறைய நாலரை சதுர அடி. அதுக்கு ஒரே ஷட்டர் போட்டா ஓரத்தோட சுற்றளவு 2.6 மீட்டர். அதே இடத்துல ரெண்டு 300 எம்எம் ஷட்டர் போட்டா 4 மீட்டர். மூணு டிராயர் போட்டா கிட்டத்தட்ட 5 மீட்டர். ஓரம் ரெண்டு மடங்கு ஆயிடுச்சு, ஆனா சதுர அடி மாறவே இல்ல. டிராயருக்குத் தனி ரேட் போடுறவங்களும் உண்டு, ஆனா அது சேனலுக்கும் கூலிக்கும் போடுறது. ஓரத்துக்குன்னு யாரும் தனியா போடுறதில்ல.

அதாவது ஓரம்ங்கிறது கான்ட்ராக்டருக்குச் செலவு, ஆனா உங்க பில்லுல அதுக்கு வருமானம் கிடையாது. எந்தத் தொழில்லயும் இப்படி ஒரு ஐட்டம் இருந்தா, பேரம் இறுகும்போது முதல்ல வெட்டு விழுறது அங்கதான். அவரைத் திட்டி பிரயோஜனம் இல்ல. நீங்களோ நானோ அந்த இடத்துல இருந்தாலும் அதைத்தான் செய்வோம். விலை நிர்ணயம் பண்ற முறையே அப்படி இருக்கு.

இதை எனக்குப் புரிய வச்சவர் என் கிளையன்ட் ஒருத்தர். கோயம்புத்தூர்ல சின்னதா ஃபர்னிச்சர் பட்டறை வச்சிருக்கார். மார்ச் கடைசியில ஸ்டாக் எண்ணப் போயிருந்தோம். ஷெல்ஃப்ல டேப் ரோல் மாதிரி அடுக்கி வச்சிருந்தாங்க. 0.4 எம்எம், 0.8 எம்எம் ரோல் நிறைய இருக்கு. 2 எம்எம் மட்டும் ஒரு மூலையில தூசி படிஞ்சு, போன வருஷம் எண்ணினதுல பாதிகூடக் குறையல. இது நகராத ஸ்டாக்கா, மதிப்பைக் குறைச்சுக் காட்டணுமான்னு ஆடிட் புத்தியில கேட்டேன். அவர் சிரிச்சுட்டு, "நல்ல சரக்கு சார் அது. கேக்குறவங்களுக்கு மட்டும்தான் போடுறது. யாரும் கேக்குறதில்ல"ன்னார்.

அப்போ என் கிச்சனுக்கு இரண்டு வயசு. அன்னைக்கு சாயங்காலம் ரயில்ல வரும்போது என் சொந்தக் கொட்டேஷனை மெயில்ல தேடி எடுத்துப் படிச்சேன். எட்ஜ் பேண்டுக்கு ஒரு வரி இருந்தது: "ஸ்டாண்டர்ட் எட்ஜ் பேண்ட்". அவ்வளவுதான். ஒரு கம்பெனி பேலன்ஸ் ஷீட்ல இதர செலவுகள்னு 2 லட்சம் இருந்தா விடிய விடிய நோண்டுற ஆளு, சொந்த வீட்டு 4 லட்சத்துல "ஸ்டாண்டர்ட்"ங்கிற வார்த்தையைத் தாண்டிப் போயிருக்கேன். மூணு மாசம் கழிச்சு ஜூன்ல அது பிரிஞ்சது.

ரெண்டாவது தடவை செய்யும்போது, வேலை எடுத்தவர்கிட்ட ஓரத்துக்கு மட்டும் தனியா விலை போட்டுக் கொடுங்கன்னு கேட்டேன். அவருக்கே ஆச்சரியம். என் கிச்சனை உதாரணமா வச்சு அந்தக் கணக்கை இங்க தர்றேன். உங்க ஊர்ல ரேட் மாறும், முறை மாறாது.

கீழ 8 ஷட்டர், ஒவ்வொண்ணும் 450க்கு 700. மேல 6 ஷட்டர், 450க்கு 600. டிராயர் முகப்பு 4, 600க்கு 200. லாஃப்ட் 5, 600க்கு 600. சுற்றளவெல்லாம் கூட்டினா 49.4 மீட்டர். 50னு வச்சுக்குவோம். 0.8 எம்எம் பட்டை எனக்குச் சொன்ன விலை மீட்டர் 10 ரூபாய், 2 எம்எம் 28 ரூபாய். வித்தியாசம் 18 ரூபாய். ஐம்பது மீட்டருக்கு 900 ரூபாய். 2 எம்எம்முக்கு மூலையை உருட்டி எடுக்கிற கூலி மீட்டருக்கு 10 ரூபாய் கூட, அது ஒரு 500. கேபினட் பாக்ஸோட பின் ஓரம், அடி ஓரம்னு வழக்கமா விட்டுடுற இடம் ஒரு 100 மீட்டர் வரும். அதுக்கு 0.8 எம்எம், கூலியோட மீட்டர் 25 ரூபாய்னா 2,500. மொத்தம் 3,900. ஈரம் தாங்குற பசை வேணும்னா இன்னொரு 6,000னு சொன்னார். ஆக 9,900.

2 லட்சத்து 40 ஆயிரம் கிச்சன்ல இது 4 சதவீதத்துச் சொச்சம். பசையை விட்டுட்டா 2 சதவீதம்கூட வராது. இதைச் சேமிச்சுத்தான் நான் 62,000 கட்டினேன். டைரக்ட் ஃபண்டா, ரெகுலர் ஃபண்டான்னு அரை சதவீதத்துக்கு ராத்திரி பன்னெண்டு மணிவரை சண்டை போடுற கூட்டம் நாம. இதை எப்படி விட்டோம்?

அந்தப் பசை விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா பலகை, பட்டை ரெண்டையும் கேட்கிறவங்ககூட இதைக் கேட்கிறதில்ல. சாதாரணமா மெஷின்ல போடுறது ஈவிஏன்னு ஒரு ஹாட் மெல்ட் பசை. சூட்டுல உருகும், ஆறினா இறுகும். மறுபடி நல்ல சூடு பட்டா மறுபடி இளகும். நம்ம கிச்சன்ல அடுப்புக்குப் பக்கத்து ஷட்டர், இட்லி குண்டானுக்கு நேர் மேல இருக்கிற ஓவர்ஹெட், குக்கர் விசில் அடிக்கிற இடம், ஓவன் வச்சிருக்கிற டால் யூனிட்னு நினைச்சுப் பாருங்க. தினமும் ஆவி அங்கதான் போய் முட்டுது. இன்னொண்ணு பியுஆர். அது காத்துல இருக்கிற ஈரத்தோட வேதிவினை பண்ணி இறுகும், அப்புறம் சூட்டுக்கு அவ்வளவு லேசுல இளகாது, தண்ணிக்கும் நல்லா தாங்கும். விலை அதிகம், அதுக்கேத்த மெஷின் செட்டப்பும் வேணும். அதனால எல்லாப் பட்டறையிலயும் கிடைக்காது. "எங்ககிட்ட பியுஆர்தான் சார்"னு வாயால சொன்னா போதாது, மெஷினையும் பசை டப்பாவையும் போய்ப் பாருங்க. காட்டத் தயங்கினா பதில் கிடைச்சிருச்சு.

மெஷினே இல்லாம சைட்ல வச்சு, ரப்பர் பசை தடவி கையால அழுத்தி ஒட்டுறவங்களும் இருக்காங்க. நல்ல கை இருந்தா அதுவும் நிக்கும். ஆனா ஒரே அழுத்தம், ஒரே சூடு, ஒரே சீவல் 50 மீட்டருக்கும் கையால வராது. நல்ல மெஷின்ல அறுத்த ஓரத்தை முதல்ல மெல்லிசா சீவும், பசை போடும், உருளை வச்சு அழுத்தும், முனையை வெட்டும், மேல் கீழ் மிச்சத்தைச் சீவும், கடைசியா பாலிஷ் பண்ணும். அந்த முதல் சீவல் இல்லாத மெஷினும் இருக்கு. அறுத்த ஓரம் பிசிறா இருந்தா பட்டை சரியா உட்காராது, பசைக் கோடு கறுப்பா தெரியும்.

இங்க ஒரு நியாயத்தைச் சொல்லியே ஆகணும். எங்க பெரியம்மா வீட்டுல, திருச்சியில, ஆசாரி வீட்டுக்கே வந்து இழைச்ச பிளைவுட் அலமாரி இன்னும் நிக்குது. ஓரத்துல பிளாஸ்டிக் பட்டை கிடையாது. தேக்குல மெல்லிசா பீடிங் அறுத்து, பசை போட்டு, தலையில்லா ஆணி அடிச்சு, இழைச்சு, பாலிஷ் போட்டிருக்கார். அதுல ஒரு இடம்கூடப் பிரியல. நல்ல ஆசாரி கிடைச்சு, நல்ல பிளைவுட் வாங்கிக் கொடுத்து, வேலைக்கு மூணு வாரம் பொறுக்க முடிஞ்சா, ஃபேக்டரி கிச்சன்தான் வேணும்னு இல்ல. ஃபேக்டரின்னா நல்லது, ஆசாரின்னா மட்டம்னு விளம்பரம் சொல்றதை நான் ஏத்துக்கல. ஓரத்துக்கு என்ன பண்ணப் போறீங்கன்னு ரெண்டு பேர்கிட்டயும் கேளுங்க.

அதுக்காக எல்லா இடத்துலயும் 2 எம்எம் போடச் சொல்லி பில்லை ஏத்தவும் வேண்டாம். அதுவும் வீண் செலவு. கை படுற, கால் இடிக்கிற, மாப் உரசுற இடத்துக்கு 2 எம்எம்: கீழ் ஷட்டர், டிராயர், வார்ட்ரோப் கதவு. லாஃப்ட் கதவை வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் திறக்கிறோம், போகி அன்னைக்கும் கொலுவுக்கும். அதுக்கு 0.8 போதும். கேபினட் உள் தட்டுக்கும் 0.8 போதும். வாடகை வீட்டுக்கு மூணு வருஷத்துக்கு ஒரு அலமாரி வாங்குறீங்கன்னா இந்தப் பதிவையே மறந்துடுங்க, ரெடிமேட்ல வாங்கிட்டுப் போங்க.

பட்டை கனத்தைவிட முக்கியமானது ஒண்ணு இருக்கு: சைட்ல போடுற ஓட்டை. ஃபேக்டரியில நாலு ஓரமும் அழகா ஒட்டி அனுப்பிடுவாங்க. வீட்டுக்கு வந்ததும் பிளம்பர் சிங்க் பைப்புக்கு ஒரு ஓட்டை, கேஸ் டியூப்புக்கு ஒரு ஓட்டை, ஆர்ஓ ஒயருக்கு ஒரு ஓட்டைன்னு பின்பலகையை அறுப்பார். அடிப்பலகையையும் அறுப்பார். அந்த ஓட்டையோட உள் ஓரம் பச்சையா கிடக்கும். எங்க வீட்டுல ஊறல் ஆரம்பிச்ச ரெண்டு இடத்துல ஒண்ணு இதுதான். சிலிகான் ஒரு டியூப் போதும், எல்லா ஓட்டையையும் அடைச்சிடலாம். யார் அடைக்கணும்னு கேட்டா பிளம்பர் கார்பென்டரைக் காட்டுவார், கார்பென்டர் பிளம்பரைக் காட்டுவார். அதனால அதையும் கொட்டேஷன்ல எழுதி வாங்குங்க.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க அபார்ட்மென்ட் கிரவுண்ட் ஃப்ளோர்ல தண்ணி நின்னுது. அந்த மாதிரி வெள்ளத்துக்கு எந்த எட்ஜ் பேண்டும் பதில் இல்ல, அதையும் ஒத்துக்கிறேன். ஆனா ஒரே மாதிரி ரெண்டு வீடு. ஒரு வீட்டுல கிச்சன் கேபினட் பிளாஸ்டிக் கால் மேல நாலு இன்ச் தூக்கி வச்சிருந்தாங்க, இன்னொண்ணுல பலகை நேரா தரையில உட்கார்ந்திருந்தது. எது வெளிய குப்பையில கிடந்திருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. நம்ம வீட்டுல வெள்ளம் வராட்டியும், வெள்ளிக்கிழமை ஆனா பக்கெட் தண்ணி ஊத்தி கிச்சனை அலம்பி விடுறவங்க இருக்காங்கல்ல?

சரி, கொட்டேஷன்ல என்ன எழுதி வாங்கணும்? நான் எழுதி வாங்கினதை அப்படியே தர்றேன், காப்பி பண்ணிக்கோங்க: "அனைத்து ஷட்டர், டிராயர் முகப்புகளுக்கும் நான்கு பக்கமும் 2 எம்எம் பிவிசி எட்ஜ் பேண்ட். கேபினட் பலகைகள் அனைத்துக்கும், மறைவான பின், அடி ஓரங்கள் உட்பட, 0.8 எம்எம். மெஷினில் ஒட்டப்படும். சிங்க் யூனிட்டுக்கும் அடுப்பு யூனிட்டுக்கும் பியுஆர் பசை. சைட்டில் அறுக்கும் ஓரங்களும் ஓட்டைகளும் சிலிகானால் அடைக்கப்படும்." நாலைஞ்சு வரிதான். இதுக்கு ஒத்துக்காத ஆள் எவ்வளவு குறைஞ்ச ரேட் சொன்னாலும் நான் கொடுக்க மாட்டேன்.

அடுத்தது பணம் கொடுக்கிற முறை. வழக்கமா புக்கிங்ல கொஞ்சம், மெட்டீரியல் வரும்போது பெரும்பகுதி, ஃபிட்டிங் முடிஞ்ச அன்னைக்கு மிச்சம்னு வாங்கிடுவாங்க. கட்டுமான கான்ட்ராக்ட்ல ரிடென்ஷன் மணின்னு ஒண்ணு உண்டு: வேலை முடிஞ்சப்புறமும் 5 சதவீதம் பிடிச்சு வச்சு, குறை எதுவும் வரலைன்னா கொடுப்பாங்க. இதை நம்ம வீட்டு வேலைக்கும் கேளுங்க. 2.4 லட்சத்துக்கு 12,000 ரூபாய், 60 நாள். புதுசா ஒட்டின பட்டையில வேலை மோசமா இருந்தா, நம்ம ஊரு வெயில்லயும் சமையல் ஆவியிலயும் ரெண்டு மாசத்துல மூலையில எங்கயாவது தூக்கிடும். பெரிய பிராண்ட் கம்பெனிகள் ஒத்துக்க மாட்டாங்க. சின்ன கான்ட்ராக்டர்கள் யோசிச்சு ஒத்துக்கிறாங்க, அதுவும் மத்த தவணையை நீங்க நாள் தவறாம கொடுத்தா. அவங்களுக்கும் கூலி கொடுக்கிற கஷ்டம் இருக்கு, 60 நாள் முடிஞ்ச அன்னைக்கே கொடுத்துடுங்க.

பத்து வருஷ வாரன்ட்டின்னு போட்டிருக்கிறதை நம்பி இதையெல்லாம் விட்டுடாதீங்க. அந்த வாரன்ட்டி கார்டோட பின்பக்கத்தைப் படிங்க. என் கார்டுல நீர்க்கசிவால வர்ற சேதம் சேராதுன்னு தெளிவா இருந்தது. கிச்சன் கேபினட்டுக்கு வேற எதனால சேதம் வரும்னு எனக்கு இன்னும் புரியல.

இப்போ பில். "பில் வேண்டாம்னா 18 சதவீதம் மிச்சம் சார்"ங்கிற வசனம் எல்லாருக்கும் தெரியும். 2.4 லட்சத்துக்கு 43,200 ரூபாய், ஆசை வரத்தான் செய்யும். சட்டப்படி தப்புன்னு நான் சொல்லத்தான் போறேன், அது என் வேலை. அதைத் தள்ளி வச்சுட்டே பாருங்க: பில் இல்லைன்னா நீங்க அவருக்கு வாடிக்கையாளர்னு காட்டவே கையில ஒண்ணும் இருக்காது. இதுல ஒரு விஷயம், சின்ன கார்பென்டர் வருஷ டர்ன்ஓவர் வரம்புக்குள்ள இருந்தா ஜிஎஸ்டி பதிவே தேவையில்ல. அவர் ஜிஎஸ்டி போடக்கூடாது, போட முடியாது. அவர்கிட்ட சாதா பில்லுல கையெழுத்து வாங்கிக்கோங்க, பேங்க் மூலமா பணம் கொடுங்க, அது போதும்.

பில் இருந்தா மட்டும் போதுமான்னு கேட்டா, போதாது. என்கிட்ட பில் இருந்தது. அதுல என்ன எழுதியிருந்தது தெரியுமா? "மாடுலர் கிச்சன் வேலை, 1 லாட்." எந்தப் பலகை, எந்தப் பட்டை, எதுவும் இல்ல. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமான்னு ஒரு வக்கீல் நண்பரைக் கேட்டேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையத்துல புகார் கட்டணமே கிடையாது, வழக்குக்குக் காரணம் எழுந்த நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும்னார். அப்புறம் அவர் கேட்ட கேள்வி: "பின் ஓரத்துல பட்டை ஒட்டித் தர்றேன்னு அவங்க எங்க சொன்னாங்க?" எங்கயும் சொல்லல. நான் கேட்கவும் இல்ல. ஃபைலை மூடிட்டேன். உங்க கேஸ்ல எழுத்து இருந்தா மூடாதீங்க, முதல்ல 1915க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, கூப்பிட்டுப் புகார் பதிவு பண்ணுங்க.

வழக்கமா வர்ற வரிக் கேள்விக்கும் ஒரு வரியில பதில்: கிச்சன் கேபினட்டும் வார்ட்ரோபும் செய்ய எடுத்த பர்சனல் லோன் வட்டியை வீட்டுக் கடன் வட்டி மாதிரி கழிக்கலாம்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க. நீங்களே குடியிருக்கிற வீட்டுக்கு, புது வரி முறையில வீட்டுக் கடன் வட்டிக் கழிவே கிடையாது.

ஏற்கனவே கிச்சன் போட்டு முடிச்சாச்சு, இப்ப என்ன பண்றதுன்னு கேட்கிறவங்களுக்கு. இன்னைக்கு ராத்திரி பாத்திரம் கழுவினப்புறம் சிங்க் ஷட்டரைத் திறந்து, போன் டார்ச் அடிச்சு, அடிப்பலகையோட பின் ஓரத்தையும் பைப் ஓட்டையோட உள்பக்கத்தையும் விரலால தடவிப் பாருங்க. வழவழன்னு இருந்தா நல்லது. சொரசொரன்னு இருந்தா பட்டை ஒட்டல, ஆனா இன்னும் ஊறல. நல்லா காயவிட்டு சிலிகான் போட்டு மூடிடுங்க, சில நூறு ரூபாயோட முடிஞ்சிடும். முன் பட்டை மூலையில லேசா தூக்கியிருந்தா அதைத் தள்ளிப் போடாதீங்க. கார்பென்டரைக் கூப்பிட்டு பழைய பசையைச் சுரண்டி, புதுசா பசை வச்சு அழுத்தி ஒட்டச் சொல்லுங்க. பட்டை பிரிஞ்சு ரெண்டு மழைக்காலம் போனப்புறம் கூப்பிட்டா, என் கார்பென்டர் அண்ணன் சொன்ன பதில்தான் உங்களுக்கும் கிடைக்கும்.

வெட்டி எடுத்த அந்த அடிப்பலகையில ஒரு துண்டை ஆபீஸ்ல வச்சிருக்கேன். இந்த வார வீடியோல அதையும் புதுப் பலகையையும் பக்கத்துல வச்சு, ரெண்டு ஓரத்தையும் கிட்டத்துல காட்டியிருக்கேன். கொட்டேஷன் கையில இருக்கிறவங்க, அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுங்க.